மாற்றலாகி நெல்லைக்கு வருகிறீர்களா? மேற்கே பார்த்துப் பழகுங்கள்

எங்கள் வீட்டு மாடியை வாடகைக்கு விடுகிறோம். ஊர் கல்லிடைக்குறிச்சி. குடிவருகிறவர்கள் பெரும்பாலும் பேங்க், பள்ளிக்கூடம், மின்வாரியம் என்று மாற்றலாகி வந்தவர்கள். மாற்றல் உத்தரவெல்லாம் மே மாதத்தில்தான் வரும் போலிருக்கிறது. சாமான் இறக்கும்போதே முகம் வாடியிருக்கும். "என்ன சார், இப்படி வேகுது?" என்பார்கள். ஒரு மாதம் பொறுங்கள் என்பேன். நம்பமாட்டார்கள். மறு வருஷம் பார்த்தால், ஜூலைக்கு லீவு போட்டுவிட்டு வரச்சொல்லி அவர்களே சொந்தக்காரர்களுக்கு போன் பண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். நெல்லைச் சீமை என்று நான் சொல்வது பழைய பெரிய மாவட்டத்தை. 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. ஆனால் மேற்கே மலையில் பெய்கிற மழைதான் தாமிரபரணியாக ஓடிக் கிழக்கே புன்னைக்காயலில் கடலுக்குப் போகிறது. அதனால் இந்த விஷயத்தில் மூன்றையும் சேர்த்தே பேச வேண்டும்.

முதல் வேலை: அணை மட்டம் படிக்கக் கற்றுக்கொள்வது

உள்ளூர்ப் பதிப்புப் பேப்பரில் தினமும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று அணைகளின் பெயரும் பக்கத்தில் அடிக்கணக்கும் இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். இங்கே டீக்கடையில் முதலில் படிப்பதே அதைத்தான்.

பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. பாபநாசம் தென்மேற்குப் பருவத்திலும் ஏறும், வடகிழக்கிலும் ஏறும். மணிமுத்தாறு பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியிருக்கிறது. இந்த மூன்று எண்ணையும் மனசில் வைத்துக்கொண்டால் பல விஷயம் தானாகப் புரியும். ஆனி மாதம் பாபநாசம் பாதிக்குக் கீழே கிடந்தால் அந்த வருஷம் கார் என்கிற முதல் போக நெல் நடவு சந்தேகம். ஒரே இரவில் பத்தடி ஏறியிருந்தால் அன்றைக்கு ஆற்றுப் பக்கம் பிள்ளைகளை விடக்கூடாது.

அடுத்த பாடம் மேற்கே பார்ப்பது. இங்கே யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்கமாட்டார்கள். தலையை மேற்கே திருப்புவார்கள். கடைக்காரர் அண்ணாச்சியிடம் மழை வருமா என்று கேட்டுப் பாருங்கள். "மேக்க நல்லா இருட்டிக்கிட்டுக் கிடக்கு. ஆனா பாவூர்சத்திரத்துக்கு அங்கிட்டுத்தான் விழும். நமக்குக் காத்துதான், பாத்துக்கிடுங்க" என்பார். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும்.

காரணம் இதுதான். பொதிகை மலை சுவர் மாதிரி நிற்கிறது. தென்மேற்குப் பருவமழை அந்தச் சுவரின் கேரளப் பக்கம் கொட்டித் தீர்த்துவிடுகிறது. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவில் மட்டும் சுவரில் ஒரு வாசல். அந்தக் கணவாய் வழியாகக் காற்று நுழையும்போது நீர்த்துளியையும் தூக்கிக்கொண்டு வருகிறது. அதுதான் சாரல். செங்கோட்டை, இலஞ்சி, தென்காசி நனையும். கடையம் வரைக்கும் கொஞ்சம் தூறும். ஆலங்குளத்தில் காற்று மட்டும். திருநெல்வேலிக்கு வந்து சேரும்போது மேகத்தின் நிழல்தான் மிச்சம். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் இதே கதை. பணகுடி, ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான்.

வீடு பார்க்கும்போது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டை மழைக்காலத்தில் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்து வீட்டு ஆச்சியிடம், "2023 மார்கழியில தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கைலாசபுரம், வண்ணாரப்பேட்டை வழியெல்லாம் வீட்டுக்குள் புகுந்தது. ஆச்சி சுவரில் கைவைத்துக் காட்டுவார். அந்தக் கைக்கு மேலே இருக்கிற மாடியைப் பிடியுங்கள். குடிதண்ணீர் ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆற்றுத் தண்ணீரைக் குடித்துப் பழகியபின் வேறு தண்ணீர் இறங்காது. இதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஆனி, ஆடி: சாரல் காலம்

குற்றாலத்துக்குப் போக எல்லோருக்கும் வழி தெரியும். எப்போது போவது என்பதுதான் தெரியாது. சனி, ஞாயிறு போனால் தண்ணீரை விடத் தலைகள் அதிகம். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில் விடியக் காலை 5 மணிக்கு அங்கே நிற்கிற மாதிரி கிளம்புங்கள். திருநெல்வேலியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

அவசரம் இல்லாதவர்கள் செங்கோட்டை பாசஞ்சர் ரயிலில் போகலாம். நான் எந்த விருந்தாளியையும் முதல் தடவை அப்படித்தான் அனுப்புவேன். திருநெல்வேலியில் ஏறி இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சேரன்மகாதேவி தாண்டியதும் மலை கிட்டே வரத் தொடங்கும். வழியில் காருகுறிச்சி, மண்பாண்டத்துக்குப் பேர்போனது. எங்கள் ஊர் அப்பளத்துக்கு. சேரன்மகாதேவிக்குப் பக்கத்துப் பத்தமடையில் கோரைப்பாய். அம்பாசமுத்திரம் தாண்டி ரயில் வடக்கே திரும்பியபின் மலை கூடவே ஓடிவரும். ஆனி மாதம் என்றால் மலை உச்சி தெரியாது, பஞ்சு அடைத்த மாதிரி மேகம் இறங்கிக் கிடக்கும். கீழக்கடையம் வரும்போது ஜன்னலில் வைத்த கை ஈரமாகும். வெயிலும் அடிக்கும், தூறலும் விழும். குடையை விரிப்பதா மடக்குவதா என்று தெரியாது. விரிக்காதீர்கள். சாரலுக்குக் குடை பிடிப்பவரைப் பார்த்தாலே வெளியூர் என்று தெரிந்துவிடும்.

எந்த அருவி? பேரருவியில் விழும் தண்ணீர் மேலே பொங்குமாங்கடல் என்ற குழியில் விழுந்து வேகம் குறைந்தபின் கீழே வருகிறது. அதனால்தான் அவ்வளவு உயரத்து அருவியின் கீழே மனிதர் நிற்க முடிகிறது. ஐந்தருவியில் ஆளுக்கொரு கிளை கிடைக்கும். வயசானவர்கள், சின்னப் பிள்ளைகள் என்றால் புலியருவி போதும், அடி மெதுவாக விழும். எனக்குப் பிடித்தது பழைய குற்றாலம். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் கூடாது. நல்லதுதான்.

கவனமாகப் படிக்க வேண்டியது இது. தண்ணீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமானால், சருகும் குச்சியும் வந்து விழுந்தால், போலீஸ் விசில் ஊதும் வரை காத்திருக்காதீர்கள், வெளியே வந்துவிடுங்கள். மேலே மலையில் எங்கோ பெய்திருக்கிறது என்று அர்த்தம். நாம் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு பையனை அடித்துக்கொண்டு போய்விட்டது. பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். தடை போட்ட நாளில் அங்கே நின்று வாக்குவாதம் செய்யாமல் நேரே சாப்பிடப் போங்கள்.

சாப்பாடு என்றால் செங்கோட்டைப் பக்கம் பிரானூர். அங்கே கிடைப்பதைத்தான் பார்டர் பரோட்டா என்கிறார்கள். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. பழைய எல்லைக்கோடு அழிந்துபோனது, பரோட்டாவில் மட்டும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருவியில் நின்ற பசிக்கு நாலு பரோட்டா கணக்கே இல்லை. திரும்பும்போது ரோட்டோரம் ரம்புட்டான், மங்குஸ்தான் குவித்திருப்பார்கள். விலையைக் கேட்டவுடன் வாங்காதீர்கள், நாலு கடை தள்ளிப் போய்க் கேளுங்கள்.

சாரல் காலத்தில் துணி காயாது, உப்பு கசியும், பத்தமடைப் பாய் பூசணம் பிடிக்கும். இதையும் சொல்லாமல் வெறும் புகழ்ச்சியாக எழுதினால் மாடிக் குடித்தனம் என்னைத்தான் திட்டும்.

ஆற்றில் இறங்குமுன்

அருவியைவிட எனக்கு ஆறுதான். அருவிக்கு வருஷத்தில் மூன்று மாதம், ஆற்றுக்குப் பன்னிரண்டு மாதமும். பாபநாசத்தில் அகஸ்தியர் அருவியிலும் வருஷம் முழுக்கத் தண்ணீர் உண்டு. படித்துறை இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். துணி துவைக்கிற பெண்களிடம் "அக்கா, இங்கன ஆழமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மணல் அள்ளிய குழி மேலே இருந்து பார்த்தால் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். திருநெல்வேலி நகரத்தைத் தாண்டிக் கிழக்கே நான் இறங்குவதில்லை. நகரத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று பாலத்தில் நின்று பார்த்தாலே தெரியும். 1843இல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. அதில் நின்று இதைப் பார்க்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஒவ்வொரு முறையும் வருத்தம்தான்.

மாஞ்சோலை, முண்டந்துறைப் பக்கமெல்லாம் புலிகள் காப்பகம். 1988இலிருந்து அப்படி. வனத்துறையிடம் கேட்டு, அனுமதி வாங்கி, பிளாஸ்டிக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விதிகள் அவ்வப்போது மாறும், போன வருஷம் போனவர் சொன்னதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

வயல் வாங்க ஆசையா?

இந்த ஆசை எல்லோருக்கும் வரும். ரயிலில் அந்தப் பச்சையைப் பார்த்தவர்களுக்குக் கட்டாயம் வரும். வந்தால் முதலில் என் கதையைக் கேளுங்கள்.

இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு தரகர் என்னைச் சேரன்மகாதேவிக்கு அப்பால் கூட்டிப்போனார். கார்த்திகை மாதம். வரப்பு வரைக்கும் தண்ணீர், தவளைச் சத்தம், கொக்கு. "சார், கால்வாய்ப் பாசனம், ரெண்டு போகம்" என்றார். அன்றே அட்வான்ஸ் கொடுத்தேன். பங்குனியில் போய்ப் பார்த்தால் நிலம் வெடித்துக் கிடந்தது. கன்னடியன் கால்வாயின் கடைமடை அது. மேல்மடைக்காரர்கள் எடுத்து மிஞ்சினால்தான் எங்களுக்கு. கார்த்திகையில் நெல்லைச் சீமையில் எந்த நிலத்துக்குத்தான் தண்ணீர் இல்லை? வீட்டை மழையில் பார்க்கச் சொன்ன நான், வயலைப் பங்குனி, சித்திரை வெயிலில் பார்க்கச் சொல்வது அதனால்தான். மடை எங்கே இருக்கிறது, நமக்கு முன்னால் எத்தனை மடை என்று நடந்து பார்த்து எண்ணிவிட்டு வாருங்கள்.

பாசனம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு. ஏழு வெள்ளைக்காரர் வருவதற்கு முன்பே கட்டியவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் மட்டும் அவர்கள் காலத்தது. ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிந்து, கால்வாய் குளத்தை நிரப்பி, குளம் வயலுக்குக் கொடுக்கும். இங்கே ஏரி என்று சொன்னால் சிரிப்பார்கள், குளம்தான். மொத்தப் பாசனம் 86,107 ஏக்கர். ஜூனில் அணை திறந்தால் கார் சாகுபடி, செப்டம்பர் வாக்கில் அறுப்பு. ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனியில் அறுப்பது பிசானம். பிசானம் அனேகமாக எல்லோருக்கும் கிடைக்கும், கார் மேல்மடைக்குத்தான் நிச்சயம். தரகர் "ரெண்டு போகம்" என்றால், கடைசி அஞ்சு வருஷத்தில் எத்தனை கார் அறுத்தீர்கள் என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். அவருக்கு விற்கிற அவசரம் இல்லை, உண்மையைச் சொல்லுவார்.

நிலத்தைச் சென்ட்டில் சொல்லாமல் மரக்கால், கோட்டை என்று சொல்லுவார்கள். அத்தனை மரக்கால் விதை விதைக்கிற நிலம் என்று பொருள். 21 மரக்கால் ஒரு கோட்டை. பேச்சில் தலையாட்டிவிட்டு வராமல், பத்திரத்தில் எத்தனை சென்ட் என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் நிலம் வாங்கவே வேண்டாம் என்பதுதான் என் யோசனை. தெரிந்த விவசாயி ஒருவரோடு ஒரு கார், ஒரு பிசானம் கூடவே நில்லுங்கள். நாற்றங்காலிலிருந்து களத்துமேடு வரை பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடுக்கலாம். நெல் போடுவதானால் காருக்கு அம்பை 16 நல்லது. எங்கள் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகம். 110, 115 நாளில் கைக்கு வரும். குண்டு அரிசி, இட்லிக்கு அதை அடிக்க ஆள் இல்லை.

வாழை போட நினைக்கிறவர்கள் களக்காடு, ஏரல் பக்கம் போய்ப் பாருங்கள். ஏத்தன், கதலி, ரசகதலி, நாட்டு, கோழிக்கூடு என்று ஒவ்வொரு தோட்டமும் ஒரு மாதிரி. ஏத்தனுக்குக் கேரளத்து ஓணச் சந்தைதான் குறி. அந்தச் சமயத்துக்குத் தார் வெட்டுகிற மாதிரி கணக்குப் போட்டு நடுவார்கள். ஆனால் தார் கனமாகிற நேரமும் காற்று கிளம்புகிற நேரமும் ஒன்றாகிவிடும். முட்டுக் கம்புக்குக் காசு மிச்சம் பிடித்தேன் ஒரு வருஷம். ஒரு சாயங்காலத்தில் இருநூறு வாழை படுத்துவிட்டது. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க வீட்டில் வாழைக்காய்ப் பொரியல்தான்.

மலையடிவார நிலம் மலிவாக வந்தால் காட்டுப்பன்றியைப் பற்றி விசாரியுங்கள். கிழங்கு போட்டால் அது உங்களுக்கு முன்னால் அறுவடை செய்துவிடும்.

நிலமே வேண்டாம், மொட்டைமாடியில் நாலு தொட்டி போதும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடிப்பட்டம் தேடி விதை என்று படித்திருப்பீர்கள். நெல்லை மொட்டைமாடியில் ஆடிக் காற்று நாற்றைத் தொட்டியோடு உருட்டிவிடும். புரட்டாசிக் கடைசியில் கத்தரி, வெண்டை போடுங்கள். மானாவாரிக்காரர்களும் அந்தச் சமயத்தில்தான் விதைப்பார்கள். மானூர், சங்கரன்கோவில், கோவில்பட்டி பக்கம் உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, மக்காச்சோளம் எல்லாம் மழையைப் பார்த்து விழுகிற விதைதான். உலகச் சந்தையில் திருநெல்வேலிப் பெயரோடு போகிற நிலாவாரை என்ற மருந்து இலையும் இந்த மாதிரி வறண்ட நிலத்துப் பயிர்.

ஐப்பசியிலிருந்து தை வரை

புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும் என்பார்கள். குற்றாலம் முடிந்து, மழை இன்னும் வராத அந்த இடைவெளி கொடுமைதான். அப்புறம் காற்று திசை மாறி, கிழக்கேயிருந்து மழை வரும். திருநெல்வேலிக்கு உண்மையான மழைக்காலம் இதுதான். ஊரோடு இருங்கள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்யத் தெரிந்த வீட்டில் சிநேகம் பிடித்து வைத்திருந்தால் இந்த மாதங்களுக்கு உதவும். தேங்காய்ப்பால் சொதி யார் வீட்டுக் கல்யாணத்தில் போட்டாலும் போய்விடுங்கள், அழைப்பு சரியாக வந்ததா என்று யோசிக்க வேண்டாம்.

தை பிறந்தால் சந்தையில் சிறுகிழங்கு வரும். பொங்கலுக்கு எங்களுக்குக் கரும்பு, மஞ்சள்குலை எவ்வளவு முக்கியமோ கிழங்கும் அவ்வளவு. சேனை, சேம்பு, பிடிகிழங்கு, பனங்கிழங்கு எல்லாம் வாங்கினாலும் சிறுகிழங்கு இல்லாவிட்டால் அது பொங்கல் இல்லை. ஒவ்வொன்றாகக் கத்தியால் தோல் சீவ உட்காராதீர்கள், பொழுது போய்விடும். தண்ணீரில் ஊறப்போட்டு, சாக்கில் கட்டித் தரையில் தேய்த்துக் குலுக்குங்கள். முக்கால்வாசித் தோல் போய்விடும்.

அந்த மாதங்களில் ஒரு காலைப்பொழுதைக் கூந்தன்குளத்துக்கு ஒதுக்குங்கள். நாங்குநேரிப் பக்கம், திருநெல்வேலியிலிருந்து ஒரு மணி நேரம். பூநாரை, வரித்தலை வாத்து, மஞ்சள்மூக்கு நாரை எல்லாம் வந்திருக்கும். சரணாலயம் என்று அறிவித்தது 1994இல்தான், ஊர்க்காரர்கள் காப்பாற்றுவது அதற்கு முன்பிருந்தே. வீட்டுக் கொல்லை மரத்தில் நாரை கூடு கட்டும், கீழே கோழி மேயும். பறவை எச்சம் ஊறிய குளத்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போடுவார்கள். கலர்ச் சட்டை போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசினால் பறவைக்கு முன்னால் ஊர்க்காரர் உங்களைப் பார்த்துக்கொள்வார்.

வெயிலுக்கு

மாசிக்கு மேல் கிழக்கே போங்கள். உவரி, திருச்செந்தூர், மணப்பாடு என்று கடற்கரை இருக்கிறது. போகும் வழியில் சாத்தான்குளம் பக்கம் தேரியைப் பாருங்கள். இரத்தச் சிவப்பு மணல், கண்ணுக்கெட்டிய தூரம் மேடும் பள்ளமும், நடுவில் பனை. பதினோரு மணிக்கு மேல் அதில் செருப்பில்லாமல் இறங்க முடியாது.

அந்தப் பக்கம் பனைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி அவர்கள் கைவேலை. விடியற்காலையில் போனால் பதநீர் கிடைக்கும். ஓலையை மடித்துப் பட்டை செய்து, அதில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுப்பார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து அங்கேயே நின்று குடித்துவிடுங்கள். ருசியாக இருக்கிறதே என்று பாட்டிலில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். மத்தியானத்துக்குள் புளித்துவிடும்.